போக 4, வர 4

புதுவயல் அரிசி ஆலைக்குப் பின்னால்
உமிக் கொட்டகையில் நின்றது.
முப்பத்தெட்டு ஆண்டு.
முதலில் தெரிந்தது கூரை மட்டும்.
மண்வெட்டியால் தள்ளத் தள்ள
ஜன்னல், பிறகு கதவு,
பிறகு நாலு சக்கரமும் காற்றிறங்கித்
தரையோடு உட்கார்ந்துவிட்ட ஒரு வேன்.

பங்காளிகள் பதினேழு பேர்.
பதினேழு சம்மதமும் வாட்ஸப்பில் வந்து சேர
பங்குனி போய் ஆடி ஆகிவிட்டது.
கோலாலம்பூர்க்காரர் எழுதினார்:
'எங்க அப்பச்சி அதுலதான் காசிக்குப் போனாக.
பார்த்துச் செய்யுங்க.'

என்ன கம்பெனி என்று தெரியவில்லை.
பெயர்த்தகடு இருந்த இடத்தில் நாலு ஓட்டை.
நம்பர் பலகையில் எம், டி, அப்புறம் துரு.
பாடி கட்டிய கரூர்ப் பட்டறையைத் தேடிப் போனால்
அங்கே கொசுவலை விற்கிறார்கள்.
கல்லாவில் இருந்தவர் என் போனில் படத்தைப் பெரிதாக்கி
'இந்த ரிவெட்டு எங்க சித்தப்பா அடிச்சது' என்றார்.
எப்படித் தெரியும் என்றேன்.
'கோணல்' என்றார்.

உள்ளே
தேக்கில் மடக்குக் கட்டில்.
ஸ்டவ் உட்கார ஒரு குழி.
கூஜா ஆடாமலிருக்க ஒரு வளையம்.
பித்தளைக் கம்பியில் திரை, தொட்டதும் பொடி.
குடும்பத்தோடு காசிக்குப் போன வண்டியில்
ஒற்றைக் கட்டில்.
அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.
நான் வயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் டாங்கில் அரக்கு மாதிரி ஏதோ.
கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம்.
பிஸ்டன் மட்டும் இறுகிக் கிடந்தது.
ரபீக் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு
தினம் காலையில் வந்து
ஆஸ்பத்திரியில் நலம் விசாரிப்பவன்போல்
ஸ்பானரை ஒரு திருகு திருகிவிட்டுப் போவான்.
ஒன்பதாம் நாள்,
'அக்கா, அசையுது.'
அரிசி அளவு.

டேஷ்போர்டுக்குப் பின்னால் எலிக்கூடு.
எறியப் போனவள் நின்றேன்.
கூடு முழுக்க எழுத்து.
ஆலைக் கணக்கப்பிள்ளை கை, நீல மை,
நெல் ரசீதுகளின் பின்பக்கத்தில் டிரிப் கணக்கு.
சாமணத்தால் பிரித்து
கடை மேசைக் கண்ணாடிக்கடியில்
ஒரு மாதம் அடுக்கினேன், கஸ்டமர் வரும்போதெல்லாம்
பில்புக்கால் மூடிக்கொண்டு.
எலி தின்றது போக மிஞ்சியது:

சனி, போக 4. ஞாயிறு, வர 4.
சனி, போக 4. ஞாயிறு, வர 4.
சனி, மழை. போக 4.
சனி, போக

காசி இல்லை. மதுரைகூட இல்லை.

டிரைவர் மகன் சவரிமுத்து
கோட்டையூர் ரயில்வே கேட்டருகே டயர்க்கடை வைத்திருக்கிறார்.
'கண்மாய்க் கரைக்குங்க.
வண்டிய நிறுத்திட்டு எங்கப்பா சைக்கிள்ல வந்துருவாரு.
காலைல போயி எடுத்தாருவாரு.'
யாரோடு?
'யாரோடயும் இல்ல. தூங்க.'
சொல்லிவிட்டு ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கினார்.

வயிரவன் செட்டியார் வீடு பள்ளத்தூரில்
ஒரு தெருவில் நுழைந்து
மறு தெருவில் முடிகிறது.
அறை அறுபத்திரண்டு என்கிறான் காவல்காரன்.
அறுபது என்கிறாள் பெருக்குகிறவள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளி, எஞ்சின் பிடித்தது.
சைலன்சர் ஒரு படி உமியைத்
துப்பிவிட்டுத்தான் பேசியது.
பிரேக் பாதி. ஹாரன் இல்லை.
மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.
நாலாவது கிலோமீட்டரில் ரோடு முடிந்து
சீமைக்கருவேலம். அதற்குள் கண்மாய் எங்கோ.

கட்டிலை இறக்கிப் படுத்துப் பார்த்தேன்.
என் கால் கதவில் இடித்தது. குள்ளமான மனிதர்.
தலைமாட்டில் சட்டை மாட்ட ஓர் ஆணி,
சுற்றிலும் பெயிண்ட் தேய்ந்திருந்தது.
ஜன்னலில் கொஞ்சம் வானம், கொஞ்சம் முள்.

ரபீக் பரோட்டா வாங்கி வந்து
எழுப்பியபோது மணி ஒன்பதே கால்.
'பிரேக் ஆயில் ஒழுகுது, நீங்க குறட்டை விடுறீங்க.'

போனில் கோலாலம்பூர்:
'காசி ரசீது ஏதும் கெடைச்சுதா?'

பார்த்துவிட்டேன்.
இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.