இடம்பெயர்ந்த நீர்

கேத்திப் பள்ளியில் எங்களுக்குத் திறந்துவிட்டது ஆய்வுக்கூடம்.
நாற்பத்தொரு பேர், பன்னிரண்டு போர்வை.
எங்களுக்காக வெளியேறிய பெஞ்சுகள்
தாழ்வாரத்தில் நனைகின்றன.

கரும்பலகையில் பாதியில் நின்ற பாடம்:
ஒழுங்கற்ற பொருளின் பருமன் காணல்.
"ஒழுங்கற்றதுன்னா நம்மளத்தான்" என்றாள் ராஜகனி.
பருமன் என்றதும் எல்லோரும் அவளைப் பார்க்க,
அவளும் சிரித்தாள்.
அடுத்த வரி: கண் நீர்மட்டத்தில் இருக்க வேண்டும்.
அவள் மகன் சேர்த்துப் படித்தான், கண்ணீர்மட்டம் என்று.
யாரும் திருத்தவில்லை.

இரவு இரண்டு மணி. தகரத்தில் மழை.
அளவுசாடியில் ஐம்பது வரை நீர் ஊற்றினேன்.
போட என்ன இருக்கிறது என்னிடம்?
ஞாயிறன்று பூட்டிவிட்டு வந்த சாவி.
கதவு இப்போது ரயில்பாதைக்குக் கீழே எங்கோ.

டிங் என்றது.
குத்துக்காலிட்டு, செல்போன் வெளிச்சத்தில்,
பிறைத்தளத்தின் அடிவளைவைப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்றைத் தாண்டியிருந்தது,
ஐம்பத்திரண்டைத் தொடவில்லை.
இருமல் மருந்து மூடியில்
முதல் கோட்டுக்குக்கூட வராது.

உள்ளே வருவது எவ்வளவோ
அவ்வளவு ஒதுங்கிக் கொடுக்கிறது நீர்.
கேட்டுக்கொண்டா வந்தது மலை?
அடுப்படி வழியாக வந்தது.
நாங்கள் வழிந்தோம்.

வி.ஏ.ஓ. தந்த படிவத்தில்
வீட்டின் நீளம் உண்டு, அகலம் உண்டு.
உயரத்துக்குக் கட்டம் இல்லை.
என் தலை இடிக்கும் உத்தரம்,
அதில் தொங்கிய பூண்டு,
புகை நின்ற இடம்,
எதில் எழுத?

சாடிக்குள் விரல் நுழையவில்லை.
கவிழ்த்தால் நீர் போய்ச் சேருவது
ராஜகனியின் பாதத்துக்கு.
இப்போதுதான் தூங்கினாள்.
விடியட்டும்.