இரண்டு விரல் தெளிவு

இரண்டு தோணியைக் கயிற்றால் பிணைத்து
நடுவில் பலகை போட்டோம்.
குழாய் இறங்க இறங்கக் கருக்காய்க்குளம்
ஒரு பெரிய குமிழ் விட்டது,
அழுகின முட்டை நாற்றம்.
தோணிக்கார அழகுதுரை மூக்கைப் பொத்தவில்லை:
"கவனம் பிள்ளை, அது பழைய மூச்சு."

தொண்ணூற்றாறு சென்ரிமீற்றர் சேறு.
சாய்ந்தால் வருசங்கள் கலந்துவிடும் என்று
மூதூரிலிருந்து நிமிர்த்தியபடியே,
கிண்ணியாப் பாலத்தில் வேன் குலுங்க
மடியோடு அணைத்து
நிலாவெளிக்குக் கொண்டுவந்தேன்.

என் வேலை வெட்டுவது.
அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு துண்டு,
ஒரு பை, ஓர் இலக்கம்.
நுணுக்குக்காட்டியில் பார்ப்பது நிலூபா மிஸ்:
டயட்டம்கள், கண்ணாடி ஓடு பூண்ட பாசிகள்.
படகுபோல ஒன்று, ஊசிபோல ஒன்று.
உப்பேறின தண்ணீருக்கு ஓர் இனம்,
உரம் கரைந்த தண்ணீருக்கு வேறோர் இனம்.

அடியில் மழை பொய்த்த காலம்:
வெடித்துக் காய்ந்து மறுபடி நனைந்த
வெளிறின கோடு.
அதன் மேலே கரித்துகள், யாரோ சேனை எரித்திருக்கிறார்கள்.
மேலே வர வர யூரியா,
பச்சை தடிக்கிறது, ஊசிகள் பெருகுகின்றன.

இருபதாம் பையில்
தண்ணீர் சட்டென்று தெளிகிறது.
பதின்மூன்றாம் பைவரைக்கும்
ஊசியே இல்லை என்று சொல்லலாம். பிறகு பழையபடி.

இலக்கத்தை மாற்றி ஒட்டினாயா என்று மிஸ் கேட்டார்.
எல்லாப் பையையும் மேசையில் பரப்பி
இரண்டுதரம் எண்ணினேன். பிழையில்லை.
ஈயத்தின் தேய்வை அளந்த அறிக்கையும் வந்தது:
தொண்ணூறு தொடங்கி இரண்டாயிரத்து மூன்று.

வான்கதவு திருத்தினார்களா,
பெருமழை ஏதும் பெய்ததா என்று
அழகுதுரைக்குப் போன் எடுத்தேன்.
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும்.
"அப்ப நாங்க அங்க இல்லையே, பிள்ளை.
ஆனியில வெளிக்கிட்டம்.
திரும்பி வரேக்க
வக்கடைக்குள்ள மரம் நிண்டது."
பிறகு அவரே கேட்டார்:
"தண்ணி நல்லாவோ இருந்தது?"
"ஓம். முந்நூறு வருசத்தில அதுதான் திறம்."
"ம்," என்றார்,
வாயில் வைத்துப் பார்த்தவர் மாதிரி.
"ஆரு குடிச்சது?"

அறிக்கையில் மிஸ் எழுதினார்:
விவசாய அழுத்தம் குறைந்த காலப்பகுதி.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பதினாறாம் பையில் ஒரு கரண்டி மிச்சம்.
வாயைக் கட்டி பிரிட்ஜில் வைத்தேன்,
நாங்கள் குடிக்கக்
காசு கொடுத்து வாங்கின
தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில்.