இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்

காலி வீதியில்
நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
படியேறினால் எங்கள் விமானச்சீட்டுக் கடை.
சுவரில் மூன்று மணிக்கூடுகள்:
கொழும்பு, சூரிச், ஒஸ்லோ.
ஒஸ்லோ தை மாதமே நின்றுவிட்டது,
ஏழு பத்தில்.
முதலாளி பற்றரி வாங்கித் தரவில்லை.
"ரெண்டு ஊருக்கும் ஒரே நேரந்தானே,
சூரிச்சைப் பார்த்துச் சொல்லு."

ஒஸ்லோவிலிருந்து கௌரிமலர் அழைத்தார்.
"தங்கச்சி, வெள்ளவத்தை ஃபிளாட்டை விக்கிறம்.
உறுதியில கையெழுத்து வைக்க வரவேணும்.
அவ வந்து இறங்கமுதல் நான் ஏறிடோணும்."

அவ யாரென்று நான் கேட்கவில்லை.

அரை மணியில் சூரிச்சிலிருந்து தவநிதி.
"தங்கச்சி, அவ போனாப்பிறகு இறங்கிற மாதிரிப் பாருங்கோ."
அதே குரல்.
கொஞ்சம் தடிமன் பிடித்த அதே குரல்.

இருவருக்கும் நான் தங்கச்சி.

பதினெட்டாந் திகதி, செவ்வாய்.
ஒருவர் புறப்பாடு மாலை ஆறு ஐம்பது,
மற்றவர் வருகை இரவு பத்து ஐம்பது.
நடுவில் சுத்தமாக நாலு மணித்தியாலம்.
என் தொழிலில் இதற்குப் பெயர் திறமை.

பிறகு, தேநீர் ஆறும்வரை
சும்மா தட்டிப் பார்த்தேன்:
ஒஸ்லோவிலிருந்து சூரிச்.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், சொச்சம்.
நேரடி விமானம்.
இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்.
மழை நாளொன்றில் வெள்ளவத்தையிலிருந்து
கட்டுநாயக்கவுக்கு, யாரோ மறந்த கடவுச்சீட்டைக் கொண்டுபோக
எனக்கு அதைவிடக் கூட எடுத்திருக்கிறது.
ஒரு சோடி சப்பாத்தின் விலை.
கிழமை முழுக்க வெற்று இருக்கைகள்.

அவற்றை விட்டுவிட்டு
எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து
ஒருவரையொருவர் காணாமல் போவதற்கு
இருவரும் என்னிடம் காசு கட்டினார்கள்.
டோகாவில் ஐந்து மணித்தியாலம் காத்திருக்கவும் சம்மதம்.

செவ்வாய் மாலை குறுஞ்செய்தி வந்தது:
தொழில்நுட்பக் கோளாறு.
ஆறு ஐம்பது, இனி நள்ளிரவு ஒன்றரை.

கௌரிமலருக்கு அழைத்தேன். மணி போனது, போனது.
தவநிதி அரபிக்கடலுக்கு மேலே,
என் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம்.
அதை நிறுத்த என்னிடம் பொத்தான் இல்லை.
இருந்திருந்தால் அமத்தியிருப்பேனா,
அதுவும் தெரியாது.

வருகைக்கும் புறப்பாட்டுக்கும் இடையில்
எங்கே கண்ணாடி, எங்கே கதவு?
ஆயிரம் பேரை ஏற்றி அனுப்பியும்
ஒருமுறைகூடப் பறக்காத நான்
எப்படிச் சொல்வது?

அன்றிரவு யாரும் அழைக்கவில்லை.
முறைப்பாடு இல்லை.
நன்றியும் இல்லை.

புதன் காலை மழை.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் சாம்பல் பூசியிருந்தது.
வரும் வழியில் பற்றரி ஒன்று வாங்கினேன், சொந்தக் காசில்.
ஈரச் செருப்பைக் கழற்றி, கதிரையில் ஏறி
சூரிச்சைப் பார்த்து
ஒஸ்லோவைத் திருப்பினேன்.

நொடிமுள் மட்டும் ஒத்துவரவில்லை.
ஒன்று தட்டி ஓய,
மற்றது தட்டுகிறது.