மருதம்பட்டை

அப்போது எனக்குச் சம்பளம் மண்டையோட்டுக்கு.
நாளுக்கு முப்பது பலகை.
சிவப்பு அடித்துக் காயவிட்டு
வெள்ளையில் இரண்டு குறுக்கெலும்பு,
கீழே மூன்று மொழியில் ஒரே எச்சரிக்கை.
அச்சுத்தகடு இரண்டாம் மாதமே கிழிந்துபோக
கையால் கீறச் சொன்னார்கள்.

கை சும்மா இருக்குமா.
என் மண்டையோடுகள் சிரிக்கத் தொடங்கின.
கண்ணிவெடி அகற்றும் பிரிவுப் பொறுப்பாளர் ஜெயசிங்கம்
ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்து,
"தங்கச்சி, இது வெருட்டவேணும்.
உம்மட மண்டையோடு
வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டெல்லோ நிக்குது" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
பிறகு பல்வரிசையை அழித்து
ஓரங்களைக் கீழே இழுத்தேன், அரை விரற்கடை.

அந்த அரை விரற்கடையில்
விறகுக்குப் போகிற ஒருத்தி
காலைத் தூக்கியபடி நிற்பாள்,
வைக்காமல் திரும்புவாள்.
ஒரு கோடு செய்யக்கூடியது அவ்வளவு.
வேறெந்தப் பள்ளியிலும் நான் சித்திரம் படிக்கவில்லை.

முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குக் கீழே
வாய்க்கால் திரும்புமிடத்தில் ஒரு மருது.
மழைவிட்ட பின்னேரம் அதன் பட்டை
பச்சை என்றால் பச்சையில்லை,
சாம்பல் என்றால் அதுவுமில்லை.
செதில் கழன்ற இடம் மட்டும்
பிள்ளையின் உள்ளங்கால் நிறம்.
ஆறு வருஷமாக அந்த ஒரு முழத்தைத்தான்
கீறிக்கொண்டிருக்கிறேன்.

"என்னை ஒருக்காலும் நீ இப்பிடிப் பாத்ததில்லை"
என்பான் கேதீஸ், உழவுயந்திரத்தைக் கழுவியபடி.
உண்மைதான்.
இன்னொரு உண்மையும் அவனுக்குத் தெரியும்:
யூரியாவுக்குத் தந்த காசில்
பாதிக்கு நான் நீலம் வாங்கினேன்.
சுண்டுவிரல் அளவு குழாய்.
அந்தப் போகம் எங்கள் வயல் மட்டும் மஞ்சளித்தது.
அவன் வரம்பில் தலையில் கைவைத்து இருந்தான்.
நான் பக்கத்தில் நின்று
அந்த மஞ்சளைப் பார்த்தேன்,
நுனியில் அது துருவாக மாறுகிற இடத்தை.
வெட்கம் பிறகுதான் வந்தது, இரவு,
சோறு போடும்போது.

கொழும்பிலிருந்து வந்த பெண் கேட்டாள்:
எது உங்களைத் தூண்டுகிறது?
குரல் நல்ல குரல். குறிப்புப் புத்தகம் திறந்திருந்தது.
வன்னியில் இருந்துகொண்டு ஏன் மரப்பட்டை,
நீங்கள் பார்த்ததெல்லாம் எங்கே என்றாள்.
இதுவும் நான் பார்த்தது என்றேன்.
அவள் அதை எழுதவில்லை.

காணி விடுவித்த பிறகு
பலகைகள் அலுவலகப் பின்பக்கம் கிடந்தன.
பன்னிரண்டைக் கேட்டு வாங்கிவந்தேன்.
கான்வஸ் விலை அப்படி.
வெள்ளைத் துணியில் செத்துக்கிடந்த என் பச்சை
அந்தச் சிவப்பின் மேல் ஏறியதும்
மூச்சு விட்டது.
இதில் உவமை ஒன்றுமில்லை.
பச்சைக்கு அடியில் சிவப்பு நின்றால் அப்படித்தான்,
சைன்போட் எழுதுகிற எவரும் சொல்வார்.
ஆனால் அன்று நான் கைகழுவாமலே
வாய்க்கால்வரை ஓடினேன்,
மரத்துக்குக் காட்டவேண்டும் போல.

மாரி ஈரம் சுவரில் இறங்கிவிட்டது.
நேற்று நாலாவது படத்தில்
உள்ளங்கால் நிறத்துக்குள்ளிருந்து
வெள்ளைப் பெயின்ற் மெல்லப் பொருமி எழும்பியிருந்தது.
வரிசையாக. எனக்குத் தெரிந்த வளைவு,
ஜெயசிங்கம் பார்ப்பதற்கு முந்தியது.
சுரண்டக் கத்தி எடுத்தேன்.
கேதீஸ் தோளுக்கு மேலால் எட்டி,
"உதார் சிரிக்கிறது?" என்றான்.

கத்தியை வைத்துவிட்டேன்.
பக்கத்தில் கொஞ்சம் ஊதா வேண்டும்.
ஊதா முடிந்துபோய்ப் பத்து நாள்.
யூரியாக் காசு
இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.