நகராத நேரம்

ஐந்தரைக்குப் பந்தலடியில் கூடினோம்.
நான்கு பேர், நான்கு சைக்கிள்.
தயாளன் பிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்திருந்தார்.
தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்;
முதலில் அது என் கையுறையின் கட்டைவிரலைத் துளைத்தது.

முன்னால் ஜெய்லானியின் சிவப்புப் பின்விளக்கு.
அதற்கு அப்பால் ஊர் இல்லை, வயல் இல்லை.
சாலை இருக்கிறது என்பதற்கு
அந்தச் சிவப்பு ஒன்றுதான் அத்தாட்சி.
பாலம் ஏறியது தொடைக்குத் தெரிந்தது.
ஆறு தெரியவில்லை,
சத்தம் மட்டும் கீழே, ஷட்டருக்கு ஷட்டர் மாறி.
"என்ன அழகு, என்ன அழகு" என்று
பின்னால் ஸ்டெல்லா மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே வந்தாள்.
பி.டி. டீச்சர். அவளுக்கே மூச்சு வாங்கினால்
என்னைக் கேட்க வேண்டாம்.

நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் மூடியிருந்தது.
எஞ்சின் முன்னே போய், பின்னே வந்து,
யோசித்துக்கொண்டிருந்தது.
லாரி முதுகில் ஓர் அறுவடை இயந்திரம்,
இரண்டு பால் வண்டிகள், நாங்கள்.
ஒரு கால் ஊன்றி நின்றபடி குணசீலனுக்குப் படம் அனுப்பினோம்:
நான்கு ஹெல்மெட், மிச்சமெல்லாம் வெள்ளை.
முட்டியைத் திறந்து மூடி
ஏழு வாரமாய்ப் படுத்திருக்கிறான்.
எங்கள் ஞாயிறுகளை முழுதாக ஓட்டுவது அவன்தான்,
படுக்கையில் மல்லாந்து,
போனில் ஊரும் நீலக்கோட்டின் மேல்.

கொரடாச்சேரியைத் தொட்டுத் திரும்பும்போது
ஜெய்லானி வழுக்கி விழுந்தார்.
எண்ணெய் இல்லை, சேறு இல்லை.
நெல்.
பாதிச் சாலைக்குத் தார்ப்பாய், ஓரமெல்லாம் செங்கல்,
மடிப்புகளில் பனி குட்டை கட்டி நின்றது.
அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்த பெண்
முதலில் நெல்லைப் பார்த்தாள்,
பிறகு அவர் முழங்கையை.
"அடி பட்டுச்சா?"
"இல்லைங்க."
"அப்ப எந்திரிங்க. நெல்லு மேல உக்காந்திருக்கீங்க."

செல்லப்பொண்ணு என்று பேர்.
கொள்முதல் நிலையத்துக் கருவி நேற்று
இருபத்தொன்று காட்டியதாம்.
பதினேழைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள்.
ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
சத்தம் வரவில்லை. துப்பினாள்.
"பாழாப்போன பனி."
ஸ்டெல்லா குனிந்து
சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டாள்.

எட்டேகாலுக்கு வெயில் வந்தது,
கைமாற்று கேட்க வந்தவனைப் போலத் தயங்கி.
"தலையில கவுத்த சட்டியக் கழட்டிட்டு
ஆளுக்கொரு முனையப் புடிங்க."
தண்ணீர் நெல்லில் சிந்தாமல் மடிக்க வேண்டும்.
முதல் மடிப்பிலேயே சிந்தினோம்.
வாங்கிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை,
நல்லவேளை.
பல் டாக்டர் தயாளன் ஷூவைக் கழற்றிவிட்டு
காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்.
சால் கோணிக்கொண்டு போனது.
அவள் ஒன்றும் சொல்லாமல்
அதன் மேலேயே இன்னொரு தரம் நடந்தாள்.

இரவு நீலக்கோடு கணக்குச் சொன்னது:
தூரம் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்.
நகர்ந்த நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.
நகராத நேரம் ஒரு மணி பதினாறு.
குணசீலன் விடவில்லை.
கேட்டுக்கு இருபத்தைந்து கழிச்சாச்சு,
மிச்சம் ஐம்பத்தொண்ணு எங்கே?
என்னை விட்டுட்டுப் பொங்கல் வடையா?
ஜெய்லானி, கட்டுப் போட்ட முழங்கையை அனுப்பினார்.
தயாளன், சொரசொரத்துச் சிவந்த உள்ளங்காலை.
ஸ்டெல்லா எதுவும் அனுப்பவில்லை.

திங்கள் காலை சைக்கிளைத் துடைக்கையில்
பிரேக் கட்டை இடுக்கில் ஒரு நெல்.
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
டக்கென்றது.
காஞ்சிடுச்சு என்று குணசீலனுக்கு எழுதினேன்.

எது, என்றான்.