நான்கு விநாடி

சிரிப்புக்கென்று நான்கு விநாடி விட்டிருந்தேன்.
கதவு திறக்கிறது. மேடம் கோ
யுகேந்திரனைப் பார்க்கிறாள்,
அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள்,
போனில் அத்தனை சுத்தமாக மாண்டரின் பேசியவன்
லிஃப்டில் வந்துகொண்டிருப்பான் என்று.

'அறை வாடகைக்கு. சீனர் மட்டும்.'
அந்தத் தாளை நாங்கள் அச்சடிக்கவில்லை.
செத்தாபாக்கில் ஒரு மின்கம்பத்திலிருந்து
கிழியாமல் உரித்து எடுத்தோம்.
யுகேன் சீனப் பள்ளியில் படித்தவன்,
பதினோரு வாரம் வீடு தேடி அலைந்தவன்.
நடிக்க ஒன்றுமில்லை அவனுக்கு,
சிரிக்காமல் நிற்பதுதான் பெரும்பாடு.
மேடம் கோவாக வந்த சியூ லிங்
கட் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
'எங்க அத்தை அப்படியே இதுதான் லா!'
சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் அழுதாள் என்றார்கள்.
நான் பார்க்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அரங்கு, எண்பது நாற்காலி.
ஒன்பது நிமிடப் படம்.
கதவு திறந்தது. நான்கு விநாடி போதவில்லை,
அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கியே போனது.
இருட்டில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்
கொடுத்த கடன் வட்டியோடு வருவதுபோல.

பிறகு ஆறாவது நிமிடத்தில்,
நான் இடமே விடாத ஓரிடத்தில்,
வெடித்தது.
கீழே காவல் கூண்டில் ரஃபிகுல் பெயர் கேட்கிறான்,
அவன் மலாயில், அவன் நாக்கில்.
யுகேன் அதே நாக்கை வாங்கித் திருப்பிச் சொல்கிறான்.
அவ்வளவுதான்.
எழுதும்போது அது நகைச்சுவைகூட இல்லை,
லிஃப்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரு வழி.

என் ஆட்கள்தாம். முன்வரிசை, பின்வரிசை.
பக்கத்து நாற்காலிக்காரர் தொடையைத் தட்டினார்,
'பங்களாக்காரன் பேச்சு அப்படியே வருது பாரு!'
எங்கோ பின்னால்
மேடம் கோவின் கதவு
மெல்லச் சாத்திக்கொண்டது.

ரஃபிகுல் நிஜமாகவே அந்தக் கட்டடத்தின் காவலாளி.
எண்பது ரிங்கிட்டும் கோழிச் சோறும் கொடுத்தோம்.
இஸ்திரி போட்ட சட்டையில் வந்து
கடைசி நாற்காலியில் இருந்தான்.
எல்லாரும் சிரித்தபின் அவனும் சிரித்தான்,
ஒரு விநாடி பிந்தி,
வீட்டுக்கு அனுப்பப் போனில் எடுத்தபடியே.

இப்போது மணி மூன்று. செந்தூல்.
அந்த இடத்தை முன்னும் பின்னும் ஓட்டுகிறேன்.
வெட்டினால் கதைக்கு ஒன்றும் குறையாது.
வெட்டினால் நான் தப்பித்துவிடலாம்.
வெட்டவில்லை. அதன் வாலில்
நான்கு விநாடி ஒட்டுகிறேன்:
ரஃபிகுலின் முகம், வேறொன்றுமில்லை,
கட் சொல்ல மறந்ததில் பதிவான துண்டு.

யுகேனுக்கு அனுப்பினேன்.
அவனும் தூங்கவில்லை போல.
'இங்க யாருடா சிரிப்பா?'