வளைவில்லாத பாலத்துக்கு வாங்கிய பலகைகள்

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவில் தெளிவாகத்தான் இருந்தது:
தண்ணீருக்குக் கீழே உள்ளது மாகாணத்தின் செலவு,
தண்ணீருக்கு மேலே உள்ளது வெலிங்டனின் செலவு.
கல் எங்களுடையது. இரும்பு அவர்களுடையது.
ஆறு யாருடையது என்று
படகோட்டி ஹோரொமோனாவைத் தவிர எவரும் கேட்கவில்லை.
அவர் கேட்டதும் பதிவேட்டில் ஏறவில்லை.

நான் நினியன் கெடஸ், டனீடன் அலுவலக எழுத்தன்.
என் கூடாரம் தென்கரையில்.
வடகரையில் தலைமை அரசின் மேற்பார்வையாளர் ஆர்லாண்டோ பிம்,
கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை, ஒரு பூனை,
பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஒவ்வொரு ஆணிக்கும் பேரேட்டில் ஓர் இடம்.
பத்து மாதம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
எழுதிக்கொண்டோம்.
ஆற்றின் அகலம் முந்நூறு அடி.
என் கடிதம் டனீடன் போய், கப்பலேறி,
வெலிங்டனில் முத்திரை வாங்கி, மறுபடி கப்பலேறி
அவர் மேசைக்கு வரப் பத்தொன்பது நாள்.
காற்று இந்தப் பக்கம் வீசினால்
அவர் தும்முவது எனக்குக் கேட்கும்.

நவம்பரில் மலைப்பனி உருகியது.
வடமேற்கிலிருந்து வெந்த காற்று இறங்கிய ஒரு பிற்பகல்
மூன்றாம் தூணுக்கு மேலே
கார்ன்வால்காரன் ஜேபஸ் ட்ரெவின்
இரும்பில் நின்றிருந்தான்.
பிறகு நிற்கவில்லை.

இரண்டு மைல் கீழே, ஹராகெகே புதரில் சிக்கியிருந்தவனை
ஹோரொமோனா எடுத்துவந்து கரையில் கிடத்தி
தன் மொழியில் நெடுநேரம் ஏதோ சொன்னார்.
அவன் பெயர் மட்டும் எங்களுக்குப் புரிந்தது.

சவப்பெட்டி யார் கணக்கு?
பன்னிரண்டு மைல் குதிரையோட்டித் தந்தி கொடுத்தோம்.
வெலிங்டன்: மரணம் தண்ணீருக்குக் கீழே. நான்காம் பிரிவு காண்க.
டனீடன்: விழுந்தது இரும்பிலிருந்து. நான்காம் பிரிவு காண்க.

மூன்றாம் நாள். கோடை.
கருவிக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் அவன்.
ஈக்களுக்கு அதிகார எல்லை கிடையாது.

அன்றிரவு ஒரு லாந்தர்
முடியாத பாலத்தின் நடைப்பலகையில் தயங்கித் தயங்கி வந்தது.
மூன்றாம் தூணருகே கொஞ்சம் நின்றது.
பிம். கழுத்துப்பட்டை இல்லை.
"உங்களிடம் பலகை இருக்கிறதா?"
பத்து மாதத்தில் முதல் வாக்கியம்.
"உங்களிடம் ஆணி இருக்கிறதா?" என்றேன்.

இருவரும் தச்சர்களல்ல.
ஒரு மூலை கடைசிவரை பொருந்தவில்லை.
பிம் தன் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு
அரசாங்கக் கடிதத்தில் எழுத முடியாத சொல்லொன்றைச் சொன்னார்.
விடியுமுன் அவரவர் பேரேட்டைத் திறந்தோம்.
நான்: டொட்டாரா பலகை, பன்னிரண்டு, வளைவுச் சாரத்துக்கு.
அவர்: ஆணி, நாற்பது, ஆற்றில் தவறியவை.
மை காய ஊதிக்கொண்டே என் பக்கத்தை எட்டிப் பார்த்தார்.
"இந்தப் பாலத்துக்கு வளைவே இல்லையே."
"தெரியும்."

திறப்பு விழாவில் இரு அரசுகளின் ஒத்துழைப்பைப் பற்றி
மூன்று பேர் பேசினார்கள், மழையில், குடைபிடிக்க ஆள் வைத்துக்கொண்டு.
ஹோரொமோனாவின் படகுக்கு வேலை போயிற்று.
நட்டஈடு எந்தப் பிரிவிலும் இல்லை.
அதற்குப் பிம்மும் நானும் ஒன்றும் செய்யவில்லை.
இதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு மாகாணங்களையே ஒழித்துவிட்டார்கள்.
எங்கள் நாற்காலிகள், மைக்கூடுகள், கடன்கள்
எல்லாம் வெலிங்டனுக்குக் கப்பலேறின,
என் பேரேடும்.

கூர்மையான தணிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தார்:
வளைவில்லாத பாலத்துக்கு வளைவுச் சாரம் எதற்கு?
பலகைகள் இப்போது எங்கே?
கிடங்கில் திருப்பி ஒப்படைக்கப்பட்டனவா?

ஒரு வாரம் அந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
தென்கரையில். ஆறடி ஆழத்தில்.
இன்னும் பயன்பாட்டில் உள்ளன.

ஆணிகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை.
அவை வெலிங்டனின் ஆணிகள்.